பன்னிரண்டு அளவுகள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதனால்தான் விசாரணை அறைக்கு வெளியே அப்பா என் கையைப் பிடித்து, "கத்தாம பேசும்மா" என்றார். கத்த வேண்டிய அவசியமே இல்லை என்றேன். அம்மாவைச் சாகவிட்டது வார்டு நர்ஸ்தான் என்பதற்கு என்னிடம் ஆதாரம் இருந்தது. அதுவும் என் படிப்பே கொடுத்த ஆதாரம்.

அறிவியல் வரலாற்றில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறேன். ஐந்தாவது வருடம் ஓடுகிறது. தெர்மாமீட்டர் ஆஸ்பத்திரிகளுக்குள் எப்படி வந்தது, அதை யார் பார்த்தார்கள், யார் எழுதினார்கள் என்பதுதான் ஆராய்ச்சி. "பொண்ணு டாக்டருக்குப் படிக்குதாமே?" என்று யாராவது கேட்டுவிட்டால் அம்மாவுக்குக் கொண்டாட்டம். "காய்ச்சலைப் பாக்கற டாக்டர் இல்லீங்க. காய்ச்சல் பாக்கற குச்சியைப் பாக்கற டாக்டர்" என்பாள்.

என் மூன்றாவது அத்தியாயம் நூறு வருடப் பழைய காய்ச்சல் சார்ட்டுகளைப் பற்றியது. பாதரசத் தெர்மாமீட்டரில் ஒரு டிகிரியை ஐந்தாகப் பிரித்துக் கோடு போட்டிருப்பார்கள். புள்ளி இரண்டு, நான்கு, ஆறு, எட்டு, அப்புறம் அடுத்த டிகிரி. ஒற்றைப்படைக்குக் கோடே கிடையாது. பார்த்து எழுதுகிறவர் இரட்டைப்படையில்தான் எழுதுவார். பார்க்காதவர்தான் புள்ளி மூன்று, புள்ளி ஏழு என்று அள்ளிவிடுவார், ஏனென்றால் அதுதான் நிஜம் மாதிரித் தெரியும். அப்படி ஒற்றைப்படையாகவே எழுதித் தள்ளியிருந்த ஒரு பழைய நர்ஸை, 'இவர் நோயாளியின் பக்கத்தில் போகவே இல்லை' என்று போட்டுத் தாளித்திருந்தேன். என் வழிகாட்டிப் பேராசிரியை அந்த வரிக்குக் கீழே சந்தோஷமாக இரண்டு கோடு போட்டார்.

அம்மாவுக்குப் பித்தப்பைக் கல். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வார்டு தெர்மாமீட்டர் உடைந்துவிட்டது, ஒன்று வாங்கி வையுங்கள் என்றார்கள். டிஜிட்டல் வாங்கினால் வேலை முடிந்தது. எனக்கு மனசு வரவில்லை. மூன்று கடை ஏறி இறங்கிப் பாதரசத் தெர்மாமீட்டரே வாங்கிவந்தேன். பார்த்து எழுதுவது நர்ஸ் வேலைதான், இருந்தாலும் தெரிந்திருக்கட்டும் என்று அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

"ஜன்னல் பக்கம் பிடிச்சு மெதுவா உருட்டுங்கப்பா. வெள்ளிக் கோடு ஒண்ணு தெரியும். உதறினாத்தான் இறங்கும். உதறாத வரைக்கும் பாத்த அளவுலயே நிக்கும். பொய்யே சொல்லாது."

அப்பா தலையாட்டினார். "தெரியுதாப்பா?" என்று நாலு தடவை கேட்டேன். நாலு தடவையும் தலையாட்டினார்.

கட்டிலிலிருந்து அம்மா, "பாடம் முடிஞ்சுதா? பேஷண்டுக்கு ஒரு வாய் தண்ணி கிடைக்குமா?" என்றாள்.

மறுநாள் அவளுக்குத் தலை சீவிவிட்டு, அப்பாவை வைத்துவிட்டுக் கிளம்பினேன். மூன்றாவது அத்தியாயத்துக்கு மூன்று நாள்தான் கெடு. நடுவில் இரண்டு முறை போன் செய்தேன். "நல்லா இருக்கா, நீ எழுது" என்றார் அப்பா. காய்ச்சல் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. ஐந்து வருடமாக அதையே படித்துக்கொண்டிருந்தவள் அந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. அத்தியாயத்தைக் கொடுத்துவிட்டு நாலாம் நாள் காலை போனபோது அம்மாவுக்கு நினைவில்லை. உள்ளே சீழ் வைத்து ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். காய்ச்சல் ஏறியதுமே கவனித்திருந்தால் பிழைத்திருப்பாளாம். அடுத்த நாள் போய்விட்டாள்.

சார்ட்டின் நகலை வாங்க ஒரு மாதம் அலையவிட்டார்கள். அந்த வார்டில் பகல் டியூட்டியில் நாலு வேளை எழுதுவார்கள். மூன்று நாளைக்குப் பன்னிரண்டு அளவுகள். 98.7, 98.3, 98.9, 98.5... கடைசி நாள் ராத்திரி எட்டு மணிக்கு மறுபடியும் 98.7. பன்னிரண்டும் ஒற்றைப்படை. ஆஸ்பத்திரி நடையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"சிஸ்டர் வந்து பாத்தாங்களாப்பா?" என்று வீட்டில் கேட்டேன்.

"வந்தாங்க, போனாங்க" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். துக்கத்தில் இருக்கிற மனுஷனை ஏன் குடைய வேண்டும் என்று விட்டுவிட்டேன். அந்த நர்ஸை வேலையை விட்டுத் தூக்காமல் ஓயமாட்டேன் என்று புகார் எழுதினேன். விசாரணைக்கு நாள் குறிக்க மேலும் மூன்று மாதம் ஆனது.

அறையில் தலைமை டாக்டரும் அலுவலகத்து அம்மா ஒருவரும் இருந்தார்கள். அப்பா என் பக்கத்தில். எதிரில் அந்த நர்ஸ். என்னைவிடச் சின்னவள். ஒரு கையை இன்னொரு கையால் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கோடுகளைப் படம் வரைந்து காட்டி எல்லாவற்றையும் புட்டுப் புட்டு வைத்தேன். அலுவலகத்து அம்மா "அடேயப்பா" என்றார். வெட்கம்கெட்டுச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"என்ன சொல்றீங்க சிஸ்டர்?" என்றார் டாக்டர்.

அவள் ஒரே ஒரு தடவை அப்பாவைப் பார்த்தாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டாள். "ஒண்ணும் இல்ல சார்."

அப்பா எழுந்துவிட்டார். "அந்தப் பொண்ணை விட்டுருங்க சார். நாப்பது பெட்டுக்கு ஒரே ஆளு. வெச்சுப் பாத்துச் சொல்லுங்கப்பான்னு எங்கிட்ட கேட்டுச்சு. நான்தான் சொன்னேன். அது எழுதிக்கிச்சு."

"நீங்க பாத்துதானே சொன்னீங்க?" என்றார் டாக்டர்.

"கோடு தெரியல சார். முப்பத்துநாலு வருஷம் வெல்டிங் அடிச்ச கண்ணு. உருட்டி உருட்டிப் பாத்தேன், கண்ணாடிதான் தெரிஞ்சுது."

கத்தமாட்டேன் என்று சொன்னவள் கத்தினேன். "ஏம்ப்பா என்கிட்ட சொல்லல?"

"நீ அதுலயே டாக்டருக்குப் படிக்கற. நாலு தடவை வேற கேட்ட. எப்படிம்மா தெரியலன்னு சொல்றது?" உள்ளங்கையை விரித்துக் காட்டினார். தழும்பேறிக் காய்த்துப்போன கை. "நெத்தியில கை வெச்சுப் பாத்தேன். இந்தக் கைக்கு எல்லாம் ஒரே சூடுதான். குளுருதுன்னு சொன்னா உங்கம்மா. போர்த்திவிட்டேன். தூங்கட்டும்னு நெனச்சேன்."

புகாரைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். டாக்டர் கோப்பை மூடினார். "எழுதினது பொய்னு நீங்களே நிரூபிச்சுட்டீங்களே. பாக்காம எழுதினது அவங்க தப்புதான்." அன்றைக்கே அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். வாசலில் எங்களைக் கடக்கும்போது, "வரேன்பா" என்றாள் அப்பாவிடம். என்னைப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் அந்த நூறு வருடப் பழைய நர்ஸின் ஞாபகம் வந்தது. அவள் எழுதியதை யார் சொல்லி எழுதினாளோ. எந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் எவன் கண் தெரியாமல் நின்றானோ. நான் பாட்டுக்கு ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ஆஸ்பத்திரிப் பையை பீரோ மேலிருந்து இறக்கினேன். அம்மா போனதிலிருந்து அதைத் திறக்க எங்கள் இருவருக்கும் தைரியம் வரவில்லை. துண்டு, பல்லிடுக்கில் முடி சுற்றிய சீப்பு, தண்ணீர் பாட்டில். அடியில் தெர்மாமீட்டர் டப்பா. அப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜன்னலோரம் பிடித்து உருட்டினேன். கடைசி வேளைக்கு அப்புறம் யாரும் அதை உதறவில்லை. வெள்ளிக் கோடு நூற்று நான்கு புள்ளி இரண்டில் நின்றது. நாலு மாதமாக அந்தப் பைக்குள் அங்கேயே நின்றிருக்கிறது. சார்ட்டைத் தேடி ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்தேனே, இதை எடுத்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

"எவ்வளவும்மா நிக்குது?" என்றார் அப்பா.

"தொண்ணூத்தெட்டு புள்ளி ஏழுப்பா" என்றேன்.

அவர் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அதுல ஏழு கிடையாதேம்மா" என்றார்.