கண் திறக்காத கல்

"கல்லும் வேணாம் கில்லும் வேணாம்னு எத்தினி தடவதான் சொல்றது அண்ணி? நட்டுட்டா..."

"நட்டுட்டா என்னா, வானம் இடிஞ்சு வுழுந்துருமா? நான் என்ன மாளிகையா..."

"...அண்ணன் செத்துட்டாருன்னு என் வாயால நானே சொன்னாப்பல ஆயிருமில்ல!"

"...கட்டித் தரச் சொன்னேன்? ஒரே ஒரு கல்லு பச்சியப்பா. என் இடுப்பு ஒசரம் இருந்தாப் போதும்!"

இருவரும் ஒரே நேரத்தில் பேசியதால் ஒருவர் சொன்னது மற்றவருக்குப் பாதிதான் காதில் விழுந்தது. பச்சியப்பன் போர் போட்டுக்கொண்டிருந்த கேழ்வரகுத் தாளைக் கீழே எறிந்தான். ராமக்காள் முறத்தைக் காற்றுப் போகும் பக்கம் திருப்பித் தூற்றி, வேண்டுமென்றே அவன் பக்கம் தூசி பறக்க விட்டாள்.

"கண்ணுல வுழுது அண்ணி."

"வுழட்டும். அப்பவாச்சும் தொறந்து பாக்கறியான்னு பாப்பம்."

பச்சியப்பனின் அண்ணன் தர்மன், ராமக்காளைக் கட்டிய எட்டாம் மாதம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாறில், சேலத்துக்குப் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்தான். கப்பலேற்றி, உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த பஸ்ராவுக்கு அனுப்பினார்கள். அடுத்த வருடம் சர்க்கார் காகிதம் ஒன்று வந்தது. கடத்தூர்த் தபால்காரர் அதைப் படித்து, "உங்க வூட்டுக்காரரக் காணலையாம்மா" என்றார். செத்தான் என்று எழுதவில்லை, இருக்கிறான் என்றும் எழுதவில்லை. அவன் போய்ப் பதினெட்டு வருடம் ஆகிவிட்டது.

"நம்ம எருமை காணாமப் போனப்ப நாம எத்தினி நாளு தேடுனோம்?" என்றாள் ராமக்காள்.

"மூணு நாளு."

"ஒரு எருமைக்கு மூணு நாளு. ஒரு ஆளக் காணோம்னா சர்க்கார் எத்தினி நாளு தேடுச்சாம்? அதக் காயிதத்துல எழுதியிருந்துச்சா?"

"அதுக்குத்தான் சொல்றேன். தேடவேயில்லைன்னா எங்கியாச்சும் இருப்பாருதான?"

அவனுடைய கணக்கே வேறு. சந்தைக்குப் போகும் நாளெல்லாம் இரண்டு மைல் சுற்றி மொரப்பூர் ஸ்டேஷனுக்குப் போய், மெட்ராஸ் ரயிலில் இறங்குபவர்களைப் பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்புவான். அண்ணன் போகும்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது. இப்போது முப்பது.

அந்தப் பக்கத்தில் சண்டையில் செத்த ஆளுக்குக் கல் நடுவார்கள். நட்ட பிறகு அவன் வேடியப்பன் என்ற சாமி. ஏரிக்கரையில் வில்லோடும் கத்தியோடும் அப்படி மூன்று பேர் கல்லாக நின்றார்கள். தர்மனுக்கும் ஒன்று வேண்டும் என்றுதான் ராமக்காள் தை பிறந்ததிலிருந்து கேட்கிறாள். ஆனால் கல்லைக் குழியில் இறக்குவது கூடப் பிறந்தவன் கையாக இருக்க வேண்டும். பச்சியப்பன் தொடாவிட்டால் கல் நிற்காது.

"கல்லு நட்டா உங்க தாலிய எடுக்கச் சொல்லி ஊரு கேக்கும் அண்ணி. அத நெனைச்சீங்களா?"

ராமக்காள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"நெனைச்சேன். பதினெட்டு வருசமா வேற என்னத்த நெனைச்சேன்? ஊருல ஒவ்வொருத்தியும் புருசனோட மல்லுக்கட்டறா. செத்துப்போனவன்னாக்கூட அவன் மண்ணு மேல போயி உக்காந்து திட்டிட்டு வர்றா. எனக்கு எங்க இருக்குது எடம்? கோவம் வந்தா எந்தத் திக்கப் பாத்துத் திட்டறது? பஸ்ரா கெழக்கயா, மேற்கயா? எனக்குத் தெரியுமா, உனக்குத் தெரியுமா?"

பச்சியப்பன் தாளை எடுத்தான். போட்டான். மறுபடி எடுத்தான்.

"கல்லப் பாக்கத்தான் வருவேன். நடறதப் பத்திப் பேசப்புடாது."

"யாரு பேசுனா?" என்றாள் ராமக்காள்.

மறுநாளே வண்டி கட்டிக்கொண்டு இண்டூர்ப் பக்கம் போனார்கள். அங்கே மாது என்ற கல் தச்சர், அம்மிக்கும் உரலுக்கும் நடுவில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டார்.

"மொகம் எப்பிடிங்க? மீசை மேல தூக்குனதா, கீழ எறங்குனதா?"

"மேல," என்றாள் ராமக்காள்.

"கீழதாங்க," என்றான் பச்சியப்பன்.

"எட்டு மாசம் குடும்பம் பண்ணவ சொல்றேன், மேல."

"பன்னண்டு வருசம் கூடப் படுத்து எந்திரிச்சவன் சொல்றேன், கீழ. உங்களப் பாக்கறப்ப மட்டும் முறுக்கி வுட்டிருப்பாரு!"

மாது உளியால் முதுகைச் சொறிந்துகொண்டே சிரித்தார். "மீசை இருந்துச்சில்ல? போதும். கையில என்னா? கத்தியா, துப்பாக்கியா?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தர்மனிடமிருந்து வந்தது ஒரே கடிதம். அதில், தான் கோவேறு கழுதை ஓட்டுவதாகவும், சண்டை நடக்கும் இடத்துக்கு அதன் முதுகில் தண்ணீர் கொண்டுபோவதாகவும் எழுதியிருந்தான்.

"கயிறுங்க," என்றாள் ராமக்காள் மெதுவாக. "கழுதைக் கயிறு."

"கழுதையையும் செதுக்கணுமா?"

"ஏன், அதும்மேல உங்களையும் ஏத்தி வெச்சுச் செதுக்குங்களேன்!" என்றான் பச்சியப்பன்.

"கோவிக்காதீங்க. கயிறு மட்டும் போடறேன். எந்தக் கையில?"

"எடக்கையில."

இந்த முறை இரண்டு குரலும் சேர்ந்து வந்தன. அண்ணியும் கொழுந்தனும் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். தர்மன் இடக்கைக்காரன். அரிவாள் பிடிப்பது, கல் விட்டெறிவது, கன்றுக்குட்டியின் காதைத் திருகுவது எல்லாம் அந்தக் கைதான். பதினெட்டு வருடத்தில் யாரும் அவர்களிடம் அதைக் கேட்டதில்லை.

மாது தலையை ஆட்டினார். "ஆவாதுங்க. சாமிக்கு சோத்தாங்கையிலதான் கொடுக்கறது. எடக்கையில புடிச்ச சாமிய எங்கப்பனும் செஞ்சதில்ல, நானும் செஞ்சதில்ல."

"அவரு சாமியில்லீங்க," என்றாள் ராமக்காள். "எங்க வூட்டுக்காரரு. அந்தக் கை இல்லாட்டி அது வேற எவனோ."

"சாமியில்லையா?"

"இல்லீங்க."

மாது கொஞ்ச நேரம் கல்லைத் தட்டிக்கொண்டிருந்தார். "அப்பிடின்னா ஒண்ணு பண்ணலாம். எல்லாத்தையும் செஞ்சுட்டுக் கண்ண மட்டும் வுட்டுடறேன். கண்ணத் தொறந்தாத்தான் சாமி, பூசை, பொங்கலு எல்லாம். தொறக்காத வரைக்கும் அது ஒரு ஆளு உருவம். அவ்வளவுதான்."

பச்சியப்பன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். "அப்ப... அண்ணன் செத்ததா ஆவாது?"

"கண்ணு தொறக்காத கல்லு எப்பிடிங்க சாவச் சொல்லும்?"

"எங்கண்ணியோட தாலி?"

"அது பாட்டுக்கு இருக்கும். யாராச்சும் கேட்டா, இண்டூரு மாதுவ வந்து கேக்கச் சொல்லுங்க. நாளைக்கே அவரு வந்து நின்னாருன்னா, தம் மூஞ்சியத் தானே பாத்துச் சிரிச்சுட்டுப் போறாரு."

"மீசையப் பாத்துத்தான் சிரிப்பாரு," என்றான் பச்சியப்பன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு பக்கமும் நேரா வெச்சுருங்க. மேலயும் வேணாம், கீழயும் வேணாம்," என்றான்.

மாசி மாதத்து முற்பகலில் கல் வந்து இறங்கியது. ஏரிக்கரையில் இல்லை, அவர்கள் கொல்லை மேட்டில், புளியமரத்துக்குக் கொஞ்சம் தள்ளிக் குழி எடுத்திருந்தார்கள். மேளம் இல்லை, பூசாரி இல்லை. பச்சியப்பன் கல்லைக் கட்டிப்பிடித்துத் தனியாகவே இறக்கினான். மண்ணைத் தள்ளி மிதித்தான். ஒரு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றினான். தண்ணீர் நெற்றியிலும், கண் இருக்க வேண்டிய வழுவழுப்பான இடத்திலும், இடக்கையில் சுற்றியிருந்த கயிற்றிலும் வழிந்தது.

"அண்ணி."

"ம்."

"என்னைவிடச் சின்னவரா இருக்காரு."

"ஆமாப்பா."

"நான் தோள்ல தூக்கி வெச்சுக்கலாம் போல இருக்காரு." அவன் கல்லின் தோளில் கையை வைத்தான், எடுத்தான். "கையி காலு கழுவிட்டு வர்றேன். நீங்க... நீங்க உங்க திட்டுப் பாட்டத் தொடங்குங்க. நான் காதுல வாங்கிக்க மாட்டேன்."

அவன் கிணற்றடிக்குப் போனான். ராமக்காள் கல்லுக்கு எதிரே சேலையை இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். எத்தனையோ வருடமாகச் சேர்த்து வைத்திருந்த திட்டெல்லாம் ஒரே சமயத்தில் நினைவுக்கு வந்தது. எதை முதலில் எடுப்பது என்று தெரியவில்லை. கல்லின் கன்னத்தில் ஒட்டியிருந்த ஈரமண்ணை விரலால் வழித்துவிட்டாள். பட்டாளத்துக்குப் போன அன்றைக்கு இருந்த இருபத்திரண்டு வயது முகம், கன்னத்தில் சதை கூட இன்னும் முற்றவில்லை.

"ஏங்க," என்றாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "உங்களுக்கு இருவத்திரண்டு, எனக்கு முப்பத்தினாலு. இனிமேப்பட்டு நான் உங்கள வாங்க போங்கன்னு கூப்படறதா, வாடா போடான்னு கூப்படறதா?"