ஃபாரின் பெட்டி

கீய்ங்... கீய்ங்... கீய்ங்...

திண்டுக்கல் பைபாஸ் ரோட்டில் புதிதாக எழுந்திருந்த அந்த மாலின் வாசலில் அலாரம் அலறியது. அனிஷா தள்ளிக்கொண்டு வந்த பெரிய பெட்டி சோதனைக் கதவைத் தாண்டியதுதான் தாமதம். முன்னால் போன குடும்பம் திரும்பிப் பார்த்தது. பின்னால் வந்த குடும்பம் இரண்டடி விலகி நின்றது.

“பெட்டியத் தொற தாயி,” என்றார் காவல் பணியில் இருந்த சோலையம்மாள்.

அனிஷா திறந்தாள். இரண்டு ஸ்வெட்டர், ஒரு லேப்டாப், நான்கு புத்தகம், கைப்பிடி உடைந்த ஒரு குக்கர். ஆள் படுத்துத் தூங்கலாம் போன்ற பெட்டியில் மீதி எல்லாம் வெறும் காற்று.

சோலையம்மாள் குக்கரைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். “எந்த ஊர்ல இருந்து வார?”

“ஜெர்மனி.”

“அம்புட்டுத் தூரத்துல இருந்து இந்த ஒடஞ்ச குக்கரத்தான் கொண்டாந்தியாக்கும்?”

பக்கத்தில் நின்ற நர்கீஸ் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள். அனிஷாவின் கல்லூரித் தோழி அவள். பேகம்பூரிலிருந்து ஸ்கூட்டியில் வந்து, காலை ரயிலில் இறங்கியவளைப் பெட்டியோடு அள்ளிக்கொண்டு நேரே இங்கே வந்திருந்தாள்.

“அக்கா, அவளே நொந்து போயிருக்கா. பெட்டிய நெப்பத்தான் உள்ள போறோம். விடுங்க,” என்றாள் நர்கீஸ்.

அனிஷாவின் வீட்டைப் பொறுத்தவரை அவள் இன்னும் ரயிலிலேயே ஏறவில்லை. மதியம் சென்னையில் ரயிலேறி வருவதாகத்தான் சொல்லியிருந்தாள். இரவு எட்டு மணிக்கு வீட்டில் போய் நிற்கும்போது பெட்டி நிறைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அம்மாவின் மானம் போய்விடும்.

மரியநாதபுரத்தில் அவர்கள் வீட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. வெளிநாட்டுப் பெட்டியைத் தனியாகத் திறக்கக் கூடாது. அப்பா சிலுவைமுத்து குவைத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்த பன்னிரண்டு வருடமும் அப்படித்தான். அவர் லீவில் வந்த அன்று ஜெபமாலை முடிந்ததும் ஹாலில் பாய் விரிப்பார்கள். சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்த பிறகுதான் பூட்டைத் தொடுவார்கள். ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி எடுத்துக் கொடுக்க வேண்டும். ஒரு பெயர் விட்டுப் போனால், அந்த வீட்டோடு ஒரு வருடத்துக்குப் பேச்சுவார்த்தை விட்டுப் போகும்.

இன்றைக்கு அந்தப் பாயில் அனிஷாவின் பெட்டி.

அவள் படிக்கக் கிளம்பிய நாளில், “பொட்டப்புள்ள தனியாப் போயி என்னத்தக் கொண்டாந்து கொட்டப் போகுது?” என்று கேட்டாள் அத்தை ரூபி. அம்மா சகாயசெல்வி இரண்டு வருடமாக அதை முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். ‘எம்புள்ள பெட்டி வரட்டும், அப்பப் பேசுறேன்’ என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு, பதினேழு பேர் கொண்ட பட்டியலையும் மகளுக்கு அனுப்பியிருந்தாள்.

“பதினேழு பேருக்கு ஒரு குக்கர்,” என்றாள் நர்கீஸ். “எப்படிடீ கோட்டை விட்ட?”

“புதன்கெழம கடைசிப் பரீட்சை. வெள்ளிக்கெழம விடியக்கால பிளைட்டு. நடுவுல ஒரு நாள் முழுசா இருக்கேன்னு நெனச்சேன். வியாழக்கெழம பையத் தூக்கிட்டுக் கடைவீதிக்குப் போனா, ஊரே பூட்டிக் கெடக்கு. நடுரோட்டுல சர்ச் சாமியார் நற்கருணை அப்பத்தத் தூக்கிட்டுப் பவனி வாராரு. நற்கருணைத் திருநாளாம், அரசாங்க லீவாம்.”

“ஏண்டி, அது உங்க திருநாளுதான?”

“நம்மூர்ல அத ஞாயித்துக்கெழமதான் வைப்பாங்க. நான் என்னத்தக் கண்டேன்?”

“ஏர்போர்ட்ல கடையே இல்லையா?”

“இருந்துச்சு. ஒரு சாக்லேட் டப்பா வெலையப் பாத்தேன். நல்லபடியா எடுத்த எடத்துலயே வச்சுட்டேன்.”

கண்ணாடிக் கதவு விலகியது. ஏசிக் காற்று முகத்தில் வந்து மோதியது. அந்த நொடியில் பதினேழு பேரும் அனிஷாவுக்கு மறந்து போனார்கள்.

எத்தனை நாள் ஏக்கம் இது. அவள் படித்த ஊரில் எட்டு மணிக்குக் கடையைச் சாத்துவார்கள். ஞாயிறென்றால் ஈ காக்கை இருக்காது. திறந்திருக்கிற கடையிலும் ஆளுக்கு ஆள் கிசுகிசுவென்றுதான் பேசுவார்கள். இந்த மால் திறந்த அன்று நர்கீஸ் அனுப்பிய வீடியோவைப் பனி கொட்டுகிற பஸ் நிறுத்தத்தில் நின்று திரும்பத் திரும்பப் பார்த்து, இரண்டு பஸ்ஸைத் தவறவிட்டவள் அவள்.

இப்போது அந்த வீடியோவுக்குள்ளேயே நுழைந்துவிட்டாள். வெண்ணெயில் பொரிந்த பாப்கார்ன் வாசம். மைக்கில் குலுக்கல் பரிசு அறிவிப்பு. குழந்தைகளை ஏற்றிக்கொண்டு கூவிக்கொண்டே ஓடும் குட்டி ரயில். நத்தத்திலிருந்து வேனில் வந்த கல்யாணக் கூட்டம் ஒன்று எஸ்கலேட்டரின் அடியில் தேங்கி நின்று, “நீ மொதல்ல ஏறு மதினி,” “ஏன், நீ ஏறுனா ஆகாதா?” என்று ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டிருந்தது. அனிஷா அந்தக் கூட்டத்துக்குள் புகுந்து, பெட்டியோடு மேலே போனாள். இறங்கினாள். மறுபடி போனாள்.

“சாமான் வாங்க வந்தியா, ராட்டினம் சுத்த வந்தியா?” என்று கீழேயிருந்து கத்தினாள் நர்கீஸ்.

“இன்னும் ஒரே ஒரு சுத்து.”

அப்புறம் வேட்டை தொடங்கியது. ஸ்டீபன்ராஜ் மாமாவுக்கு ஒரு டார்ச். பக்கத்து வீட்டு மாயம்மாளுக்கு முகத்துக்குப் போடும் கிரீம். கோயில் பாடகர் குழுவுக்குச் சாக்லேட். கடைக்காரப் பெண்கள், “வாங்கக்கா, புது ஸ்டாக் வந்திருக்கு,” என்று வழிமறித்து அழைத்தபோதெல்லாம் அனிஷாவுக்கு உடம்பே சிலிர்த்தது. அழைத்த கடைக்கெல்லாம் போனாள். மூன்று கடையில் சும்மாவே பேரம் பேசினாள். இரண்டு வருடமாக யாரோடும் பேரம் பேசாத வாய் அது.

ரூபி அத்தைக்குத்தான் யோசனை. பட்டியலில் முதல் பெயர். ‘நல்ல ஃபாரின் சென்ட், மட்டமா இருந்துறக் கூடாது’ என்று அம்மா அடிக்கோடு போட்டிருந்தாள். மேல்தளத்தில் சென்ட் கடை. அனிஷா மணிக்கட்டில் ஒன்று, முழங்கையில் ஒன்று என்று அடித்து முகர்ந்துகொண்டிருந்தபோது, எதிரே இருந்த பேக்கரியின் மைக் கூப்பிட்டது.

“அனிஷா கேக் ரெடி. அனிஷா, கேக் வாங்கிக்கங்க.”

அனிஷா நர்கீஸைப் பார்த்தாள். “அடிப்பாவி, எனக்குத் தெரியாம ஆர்டர் போட்டியா?”

நர்கீஸ் இல்லையென்று சொல்ல வாயெடுப்பதற்குள், அனிஷா பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடிவிட்டாள். “நான்தான் அனிஷா,” என்று கவுன்டரில் கையை நீட்டினாள். அதே அட்டைப் பெட்டியை நோக்கி வலது பக்கமிருந்து இன்னொரு கை நீண்டது. மோட்டார் காயில் கட்டிக் கட்டிக் காய்த்துப்போன கை.

அவளுக்கு நிமிர்ந்து பார்க்கத் தேவையே இருக்கவில்லை.

“ஏத்தா,” என்றார் சிலுவைமுத்து. “நீ இந்நேரம் மெட்ராஸ்லல்ல இருக்கணும்?”

“நீங்க மாலுக்கே வர மாட்டீங்களேப்பா,” என்றாள் அனிஷா. பதில் கேள்வி கேட்டால் தப்பித்துவிடலாம் என்ற நினைப்பு.

“ஒன் ஆத்தாதான் கேக்குல ஒன் பேரெழுதி வாங்கிட்டு வரச் சொன்னா.” அவர் பார்வை மகளிடமிருந்து பெட்டிக்கு இறங்கியது. கேக்கைக் கவுன்டரிலேயே வைத்துவிட்டு, குனிந்து பெட்டியின் கைப்பிடியைப் பிடித்து ஒரு சாண் தூக்கினார். பஞ்சு மூட்டை போல எழும்பியது.

மூச்சிரைக்க வந்து சேர்ந்த நர்கீஸ், “அங்கிள், அவ மேல தப்பில்ல,” என்று ஆரம்பித்தாள். அவர் கையமர்த்தினார்.

அனிஷா எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். பரீட்சை, வியாழக்கிழமை, பவனி, பூட்டிய கடைகள், காலை ரயில். “இன்னும் பதினோரு பேருக்கு வாங்கணும்ப்பா. அம்மாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. வெறும் பெட்டிய அந்தப் பாயில வச்சு அம்மா எப்படி அத்தை மொகத்துல முழிப்பாங்க?”

சிலுவைமுத்து அவளிடமிருந்து கைப்பேசியை வாங்கி, பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்தார். மீசைக்கடியில் என்னவோ ஊர்ந்தது. கோபமா, வேறேதுமா என்று அனிஷாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு அவள் மணிக்கட்டைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். சென்ட் கடையை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். இரண்டு பக்கமும் தெரிந்த முகம் எதுவும் இல்லையென்று உறுதி செய்துகொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

“இதெல்லாம் ரூபி வாராவாரம் வந்து மோந்து பாத்துட்டுப் போற சரக்கு, கண்டுபிடிச்சிருவா. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒரு கடை இருக்கு, குவைத்துல இருந்து வாரப்பல்லாம் நான் அங்க எறங்கித்தான் பெட்டிய நெப்பிக்கிட்டு வீட்டுக்கு வருவேன்.”