ஈட்டி மரத்துக்கு யார் பொறுப்பு

ரோசிலியின் கையில் இரண்டு காகிதங்கள். பஞ்சாயத்து கொடுத்தது ஒன்று: உங்கள் நிலத்தில் சாய்ந்து நிற்கும் ஈட்டி மரத்தை ஏழு நாளில் வெட்டவும், தவறினால் பக்கத்து வீட்டுச் சேதத்துக்கு நீங்களே பொறுப்பு. வனத்துறை கொடுத்தது மற்றொன்று: பட்டா நிலமானாலும் ஈட்டி அரசு மரம், வெட்டினால் வழக்கு.

வயநாட்டில் மழை பிடித்து மூன்று நாளாகிவிட்டது. அவள் ஐந்தாவது முறையாக வனத்துறை ரேஞ்ச் ஆபீஸ் படியேறினாள்.

"மேல எழுதியிருக்கோம், சேச்சி. பதில் வரட்டும்" என்றார் குமாஸ்தா.

"அதுக்குள்ள மரம் அந்த வீட்டு மேல வந்துடும்."

"தானா விழுந்தா இயற்கை. நீங்க வெட்டினாத்தான் குத்தம்."

"நிக்கிற வரைக்கும் மரம் உங்களோடது, விழுந்தா பொறுப்பு என்னோடது. நல்லா இருக்கு உங்க சட்டம்."

அவர் பதிவேட்டைப் புரட்டினார்.

அன்று மாலையே ஒரு பெருங்கிளை முறிந்து பக்கத்து வீட்டுக் கணாரனின் அடுக்களைக் கூரையில் விழுந்தது. அவன் மனைவி ஜானுவுக்குத் தோள் எலும்பு உடைந்தது. கணாரன் வேலியருகே வந்து நின்றான்.

"ஆள் செத்தாத்தான் வெட்டுவீங்களா?"

 

மறுநாள் காலை ரோசிலி மரம் அறுப்பவர்களை அழைத்து வந்தாள். ஈட்டி என்றதும் பின்வாங்கினார்கள். "எங்க மெஷினையும் பிடிச்சுட்டுப் போவாங்க, சேச்சி."

"வெட்டச் சொன்னது நான்தான்னு எழுதித் தரேன்."

எழுதிக் கையெழுத்தும் போட்டாள். கணாரன் வீட்டுப் பக்கம் விழாமல் கயிறு கட்டி இழுத்து அறுத்ததில் மரம் அவளுடைய காப்பித் தோட்டத்தில் சாய்ந்தது. காய்த்து நின்ற நாற்பது செடி நசுங்கிப்போனது. அவளே ரேஞ்ச் ஆபீசுக்குப் போன் செய்தாள்.

"உங்க மரத்தை வெட்டிட்டேன். வந்து எடுத்துக்கிட்டுப் போங்க."

அவள் முதல் மனு கொடுத்துப் பதினொரு மாதமாக எட்டிப் பார்க்காத ஜீப் ஒரு மணி நேரத்தில் வந்து நின்றது. அதிகாரி நாடா பிடித்து அளந்தார். அவள் பஞ்சாயத்து நோட்டீசை நீட்டினாள்.

"ஈட்டிக்கு இது செல்லாதும்மா."

"அப்ப குடுத்தவங்க மேலயும் கேஸ் போடுங்க."

"ஸ்டேஷன்ல பேசிக்கலாம். வண்டியில ஏறுங்க."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலி தாண்டி வந்த கணாரன், அவளுக்கு முன்னால் ஏறி உட்கார்ந்தான்.

"நீ எங்கய்யா?" என்றார் அதிகாரி.

"சாட்சி சொல்ல. அவங்க வெட்டினது என் வீட்டுக்காக."

ரோசிலி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "என்கிட்ட கத்தின நேரத்துல ஒரு நாள் என்கூட ஆபீசுக்கு வந்திருக்கலாம்" என்றாள்.

சாயங்காலம் அவளுடைய ஜாமீன் பத்திரத்தில் முதல் கையெழுத்து கணாரனுடையது. வழக்கு இன்னும் நடக்கிறது.