பிரிக்காத பூப்பொட்டலம்

வாழை நாரின் முடிச்சு மறுபடியும் நழுவியது. வள்ளியாத்தாள் பல்லால் கடித்து இழுத்து ஒருவழியாகக் கட்டி முடித்தாள். ஒரே அளவில் இரண்டு இலைப் பொட்டலங்கள். ஒன்றில் வெள்ளை நந்தியாவட்டை, மற்றதில் செவ்வரளி. எது எதென்று தனக்கே தெரியக் கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டு மடியில் போட்டுக் குலுக்கினாள்.

வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. உள்ளறையில் ஆக்ஸிஜன் சிலிண்டரின் துணையோடு அவள் கணவர் ஆறுச்சாமி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கோவைக்குக் கொண்டுபோய்த் தொண்டையில் குழாய் போட்டால் சில நாள் இழுக்கலாம், தேறுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆறுச்சாமியோ பெருந்துறை வீட்டை விட்டு நகர மாட்டேன் என்கிறார். மகன் சபரீஷ், "நீங்களே சொல்லுங்கம்மா" என்று முடிவை அவள் தலையில் கட்டிவிட்டான்.

வள்ளியாத்தாளிடம் போய் முடிவு கேட்பதா? மகன் போனை எடுக்கவில்லை என்றால் லாரி மோதியதுவரை யோசித்துவிடுகிறவள் அவள். கேஸை மூடினோமா என்று பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பி ஓடி வந்தவள். மகள் லோகப்பிரியாவின் கல்யாணம், வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியது, தன்னுடைய கர்ப்பப்பை ஆபரேஷன் என்று எதுவானாலும் செல்லாண்டியம்மன் கோயிலில் பூக் கேட்டால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். இத்தனை வருஷத்தில் சிவப்பு வந்ததே இல்லை. வெள்ளை வந்த அன்று மட்டும் அடித்துப்போட்டாற்போல் தூங்குவாள்.

பொட்டலம் கட்டுவது ஆறுச்சாமியின் வேலை. மோட்டாருக்குக் கம்பி சுற்றிப் பழகிய கை, முடிச்சு கச்சிதமாக விழும். எடுக்காத பொட்டலத்தைப் பிரித்தால் சாமி குத்தம் என்று சொல்லி அதைக் கோயில் கிணற்றில் போட்டுவிட்டு வருவார்.

வள்ளியாத்தாள் கட்டிலருகே உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, ஆத்தா படத்துக்கு முன்னால வெச்சுக் கும்புட்டுக் கொண்டாந்திருக்கறனுங்க. வெள்ளை வந்தா ஊட்டுலயே இருக்கலாம். செவப்பு வந்தா கோயமுத்தூருக்குப் போயிரோணும். உங்க கையாலயே ஒன்ன எடுங்க."

அவர் மாஸ்க்கைக் கொஞ்சம் நகர்த்தினார். "நீயா கட்டுன?"

"நானேதானுங்க."

"ரெண்டுலயும் வேற வேற பூவா?"

"பின்ன?"

சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது. "நான் ரெண்டுலயும் வெள்ளையத்தான் வெப்பேன், அம்மணி."

"எப்பங்க?"

"எப்பவுமேதான்."

மகளைக் கட்டிக்கொடுத்தது, துணிச்சலாக ஆபரேஷன் மேஜையில் ஏறிப் படுத்தது, எல்லாம் இந்த மனுஷன் கட்டிய பொட்டலத்தை நம்பியா? நோயாளி என்றும் பார்க்காமல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"சாமிகிட்டயே பொய் பண்ணுனீங்களா? எத்தன நம்பிக் கெடந்தேன்!"

"நீ தூங்கோணுமில்ல" என்றார்.

கொஞ்ச நேரம் மூச்சுக்காகக் காத்திருந்துவிட்டுத் தொடர்ந்தார். "பொட்டலத்த வெச்சுப்போட்டு, 'ஆத்தா, இது அவளுக்கு. எனக்கு ஒண்ணுஞ் சொல்ல வேண்டாம். நல்லதோ கெட்டதோ, கூடவே இரு'ன்னு கும்புட்டுக்குவேன். இருந்தாளா, இல்லியா?"

வள்ளியாத்தாள் நினைத்துப் பார்த்தாள். வெள்ளை வந்தும் லோகப்பிரியா முதல் இரண்டு வருஷம் புகுந்த வீட்டில் அழுதுகொண்டுதான் இருந்தாள். வெள்ளை வந்தும் ஆபரேஷனில் ரத்தம் நிற்காமல் போனது. எல்லாவற்றையும் எப்படியோ தாண்டித்தான் வந்திருந்தார்கள்.

ஆறுச்சாமி அவள் மடியைப் பார்க்காமலே கைவிட்டு ஒரு பொட்டலத்தை எடுத்தார். எடுத்த கையை மூடிக்கொண்டார். அவள் விரலைப் பிரிக்கப் பார்த்தாள். பிடி விடவில்லை.

"பிரிக்காத" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

மற்றது அவள் கையில் இருந்தது. அதைப் பிரித்தாலும் போதும், தெரிந்துவிடும். நகம் முடிச்சில் ஏறிவிட்டது.

சபரீஷ் வாசற்படியில் வந்து நின்றான். "அம்மா, டிரைவர் கெளம்பலாமான்னு கேக்கறாருங்க."

பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"அனுப்பிச்சுப்போடு கண்ணு. அப்பா இங்கயே இருக்கட்டும்."

சொன்ன மறு நிமிஷமே பயம் பிடித்துக்கொண்டது. வண்டியின் சத்தம் தெருமுனையில் தேயும்வரை, கூப்பிட்டுவிடலாமா, கூப்பிட்டுவிடலாமா என்று தவித்தாள்.

மத்தியானம் பஞ்சை நனைத்து அவர் உதட்டில் வைத்தபோது தண்ணீர் உள்ளே இறங்காமல் கன்னத்தில் வழிந்தது.

தாராபுரத்திலிருந்து அவருடைய அக்கா ரங்கம்மாள் வந்து விழுந்து அழுதாள். அழுகைக்கு நடுவே, "கோயமுத்தூருக்குக் கொண்டுபோயிருந்தா எந்தம்பி பொழச்சிருப்பானே! ஊட்டுலயே போட்டு வெச்சுக் கொன்னுபோட்டீங்களே!" என்றாள்.

வள்ளியாத்தாளுக்குக் காது அடைத்தது. யாருக்கும் சொல்லாமல் பின்கட்டுக்குப் போய், துவைக்கிற கல் மேல் உட்கார்ந்து பொட்டலத்தை எடுத்தாள். இதில் செவ்வரளி இருந்தால் அவர் கையில் இருப்பது வெள்ளை, செய்தது சரி. இதில் நந்தியாவட்டை இருந்தால் ரங்கம்மாள் சொன்னதுதான் நிஜம். நாரின் நுனியைப் பல்லில் கடித்தாள்.

"அம்மா!" லோகப்பிரியாவின் குரல். "அப்பா கையில என்னமோ இருக்குதுங்க. எடுக்கவே முடியல."

குளிப்பாட்டி வேட்டி கட்டிப் படுக்கவைத்திருந்தார்கள். ரங்கம்மாள் தம்பியின் விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டிருந்தாள். இலைப் பச்சை வெளியே தெரிந்தது.

வள்ளியாத்தாள் வந்து நாத்தனாரை விலக்கி அந்தக் கையை மூடினாள். "உடுங்க நங்கையா. அது அவருதுங்க."

"உள்ள என்ன அது?"

"தெரியலீங்க."

தான் கொண்டுவந்த பொட்டலத்தை அவருடைய இன்னொரு உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கினாள். மகளிடம் துணிக்கிழிசல் வாங்கி இரண்டு கையையும் சேர்த்துக் கட்டினாள். இந்த முடிச்சு நழுவவில்லை.

ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டுக் குளித்தார்கள். பொழுது சாயும் நேரம், காலியாகிவிட்ட கட்டிலுக்குப் பக்கத்தில் லோகப்பிரியா போனும் கையுமாகத் தவித்தாள்.

"எல்லாரும் திரும்பற நேரமாச்சு. மூணு தடவ அடிச்சுட்டேன், சபரீஷு போன எடுக்கவே மாட்டீங்கறான்மா."

"எடுப்பான் கண்ணு. வேலையா இருப்பான்" என்றாள் வள்ளியாத்தாள்.

ஈரத் தலையோடு சுவரோரமாகச் சாய்ந்தவள், மகள் மறுபடி எண்ணை அழுத்துவதற்குள் தூங்கிப்போயிருந்தாள்.