கதவு திறக்காத படம்

கிறிஸ்துமஸ் வந்தால் அந்தப் படத்தைப் போட்டே தீருவார்கள். வருடா வருடம் அதே சேனல், அதே சாயங்காலம். ஊரே கரைத்துக் குடித்த படம். எங்கள் மேல்வீட்டு டெய்லர் ஒவ்வொரு வசனத்தையும் முன்கூட்டியே சொல்லி மனைவியிடம் திட்டு வாங்குவார். ஆனாலும் இரண்டு பேரும் டீவி முன்னால் ஆஜர்.

கதை ஒன்றும் பெரிய கதை இல்லை. வேலைக்குப் போன அப்பாவைக் காணோம் என்று ஒரு சின்னப்பெண் பனியில் தேடிக்கொண்டு போகிறாள். அப்பா வேறு வழியாக வீடு வந்து சேர்ந்துவிடுகிறார். பெண்ணைக் காணோம். ஊரே விளக்கை எடுத்துக்கொண்டு தேடுகிறது, அம்மாக்காரி மட்டும் வீட்டில் காத்திருக்கிறாள். கடைசியில் கதவு தட்டும் சத்தம். வெளியிலிருந்து குழந்தையின் குரல். அம்மா எழுந்து போய்த் தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். அவ்வளவுதான், முற்றும் போட்டுவிடுவார்கள்.

கதவைத் திறந்து காட்டினால்தான் என்ன குறைந்துபோகும் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குழந்தை பிழைத்து வந்துவிட்டது என்பார் டெய்லர். அது எப்போதோ பனியில் போய்விட்டது, வந்து நிற்பது வேறு என்பாள் அவர் மனைவி. அதோடு இரண்டு நாளைக்கு அந்த வீட்டில் பேச்சுவார்த்தை இருக்காது. யோசித்துப் பார்த்தால் படம் இத்தனை காலம் ஓடுவதே அதனால்தான். திறந்து காட்டியிருந்தால் ஒருமுறை பார்த்துவிட்டு மறந்திருப்பார்கள். இந்த முறையாவது திறந்துவிடாதா என்று பார்க்கிறார்கள், பைத்தியக்காரத்தனம்.

எங்கள் வீட்டில் அந்தக் கதவு வருடந்தோறும் திறந்தது. சொல்கிறேன்.

நான் டப்பிங் பேசுகிறவள். குழந்தைகளுக்குப் பேசுகிறவள். திரையில் ஏதாவது ஒரு வாண்டு அழுது அடம்பிடித்தால், பாதிக்குப் பாதி அது நானாக இருக்கும். தலை நரைத்து, படி ஏறினால் மூட்டு கடகடக்கிற இந்த வயதிலும் எனக்கு அதுதான் பிழைப்பு. எங்கள் தொழிலே அப்படி. குழந்தையை மைக் முன்னால் நிறுத்தினால் தூங்கும், சிணுங்கும், பிஸ்கட் கேட்கும். அதனால் பெரியவர்களே சின்னக் குரலில் பேசிவிடுவோம்.

வெளிநாட்டிலிருந்து வந்த அந்தப் படத்துக்குத் தமிழ் பேசவைத்தபோது மட்டும் அப்படிச் செய்யவில்லை. அன்றைக்குப் பேசவைத்த ஆள் நிஜக் குழந்தைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். என் அம்மா அப்போது கும்பல் காட்சிகளில் நாலு பேரோடு சேர்ந்து குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் இடுப்பில் கிடந்த என் தங்கையைப் பிடித்து மைக் முன்னால் நிறுத்திவிட்டார்கள். சுண்டுவிரல் அளவு இருக்கிறாள் என்று நாங்கள் அவளைச் சுண்டு என்றுதான் கூப்பிடுவோம். மைக் எட்டவில்லை. ஒரு மரப்பெட்டியைப் போட்டு அதன்மேல் ஏற்றினார்கள். பகல் முழுக்க அந்தப் பெட்டிமேலேயே நின்றாள்.

கடைசி வசனம் கதவுக்கு வெளியிலிருந்து வருவது. படத்தில் கதவுதான் தெரியும், முகம் தெரியாது. வாயசைவுக்குப் பொருத்த வேண்டியதில்லை என்பதால், அந்த மாதிரி இடங்களில் யார் என்ன கூடுதலாகப் பேசினாலும் விட்டுவிடுவார்கள். "அம்மா, நான் வந்துட்டேன்" என்பதோடு வசனம் முடிகிறது. அதைச் சொல்லிவிட்டு, மைக் திறந்திருப்பது தெரியாமல், ஓரமாக உட்கார்ந்திருந்த எங்கள் அம்மாவைப் பார்த்துச் சுண்டு கேட்டாள்: "சீக்கிரம் வாயேன், கால் வலிக்குது."

பேசவைத்தவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. அப்படியே வைத்துக்கொண்டார். அம்மா அப்போது, இருடி இதோ முடிஞ்சிடும் என்று கையைக் காட்டினாளே தவிர, எழுந்துபோய் அவளை இறக்கிவிடவில்லை. அந்தப் படம் வெளியாவதற்குள் சுண்டுவுக்குக் காய்ச்சல் கண்டது. பிழைக்கவில்லை.

அதற்கப்புறம் அந்தப் படம்தான் அவள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அம்மா வாசல் கதவின் தாழ்ப்பாளை நீக்கிவிட்டு வந்து சோபாவில் உட்காருவாள். படத்தில் சுண்டு பேசப்பேச இவள் இங்கிருந்து பதில் சொல்லுவாள். கடைசியில் கால் வலிக்குது என்று குரல் வந்ததும், "வா கண்ணு, வந்து உக்காரு" என்பாள். அத்தோடு முடிந்தது. எழுந்துபோய் முகம் கழுவிவிட்டுப் படுத்துவிடுவாள். மறுபடி பன்னிரண்டு மாதம் அவள் பேச்சையே எடுக்கமாட்டாள்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். நான் கல்யாணம் காட்சி என்று போகாமல் கூடவே கிடக்கிறேன், மருந்து கொடுக்கிறேன், காலைப் பிடித்துவிடுகிறேன். இந்த வீட்டில் கண்ணு என்று நான் ஒருநாளும் கூப்பிடப்பட்டதில்லை. அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? செத்துப்போன குழந்தையிடம் பொறாமை என்று எனக்கே கேவலமாக இருக்கும். கதவைத் திறந்துபோட்டால் எவனாவது திருடன் நுழைவான் என்று மட்டும் கத்துவேன்.

இந்த வருடம் சேனலிலிருந்து கூப்பிட்டார்கள். படத்தைத் துடைத்துப் புதுசாக்குகிறார்களாம். மற்றவர்கள் குரலெல்லாம் தப்பிவிட்டது, குழந்தை பேசிய நாடா மட்டும் பூஞ்சை பிடித்து இரைகிறது, அதை மட்டும் புதிதாகப் பேச வேண்டும் என்றார்கள். முடியாது என்றால் வேறு யாரையாவது வைத்துப் பேசிவிடுவார்கள். எவளோ ஒருத்தி சுண்டுவாகப் பேசி, அம்மா அதைக் கேட்டு, இதுவும் போச்சே என்று உட்கார்ந்துவிட்டால்? அவளுக்கு இருக்கிறது அது ஒன்றுதான். நானே பேசினால் கண்டுபிடிக்க முடியாதபடி பேசிவிடலாம். அந்தக் குரல் எனக்கு அத்துப்படி. எங்கே மூச்சு வாங்குவாள், எங்கே மூக்கை உறிஞ்சுவாள் என்பது வரைக்கும் தெரியும். ஒப்புக்கொண்டேன். அம்மாவிடம் வாயே திறக்கவில்லை.

ஸ்டூடியோவில் ஒரு சவுண்ட் இன்ஜினியர், சதா டீ குடிக்கிற ஆசாமி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். வழிகாட்ட என் ஹெட்போனில் சுண்டுவின் பழைய குரலை ஓடவிட்டார். இரைச்சலுக்கு அடியிலிருந்து அவள் ஒரு வரி சொல்லுவாள், பின்னாலேயே நான் சொல்லுவேன். அக்கா தங்கை விளையாட்டு மாதிரி இருந்தது. உண்மையைச் சொன்னால், எனக்கு ரொம்ப சந்தோஷமாகக்கூட இருந்தது. அச்சு அசலா வருது மேடம், எது பழசு எது புதுசுன்னே தெரியல என்று இன்ஜினியர் வியந்தார்.

கடைசி வசனத்துக்கு வந்தோம். திரையில் கதவு. ஹெட்போனில், "அம்மா, நான் வந்துட்டேன்" என்றாள் சுண்டு. நானும் சொன்னேன். "சீக்கிரம் வாயேன், கால் வலிக்குது." அதையும் சொன்னேன். இரைச்சல் நின்றுவிட்டிருந்தது. அவள் குரல் அவ்வளவு பக்கத்தில், அவ்வளவு சுத்தமாகக் கேட்டது. இத்தனை வருடத்தில் நான் கேட்டிராத ஒன்றை அடுத்ததாகச் சொன்னாள்.

"யாரு அது, என்னை மாதிரியே பேசறது?"

ஹெட்போனைப் பிடுங்கிக் கீழே போட்டேன். இன்ஜினியர் டீயும் கையுமாக எட்டிப்பார்த்தார். பழைய குரலை நிறுத்துங்கள், அதில் வேறு என்னமோ பதிவாகியிருக்கிறது என்று நான் சத்தம் போட்டேன். அவருக்குப் புரியவில்லை.

"பழைய குரல் எங்க மேடம் ஓடுது? கடைசி வசனத்துக்கு வாயசைவே கிடையாதே, வழிகாட்ட எதுக்குன்னு அந்த எடத்தை முன்னாடியே அழிச்சிட்டேன். படத்துல ரெண்டு குரல் இருக்கக்கூடாதுன்னு சேனல்ல கண்டிப்பா சொல்லிட்டாங்க."

வேறு எங்கேயாவது ஒரு நகல் இருக்குமா என்று கேட்டேன். இருந்த நாடாவே அது ஒன்றுதானாம், அதுவும் தூளாகிவிட்டதாம். பேசினது நன்றாக வந்திருக்கிறது, கிளம்பலாம் என்றார். போட்டுக் காட்டினார். நான் பேசினது மட்டும்தான் இருந்தது. யாரு அது என்று யாரும் கேட்கவில்லை. சளிக்கு மாத்திரை போட்டிருந்தேன், அந்த மயக்கமாக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

கிறிஸ்துமஸ் சாயங்காலம் அம்மா வழக்கம்போலத் தாழ்ப்பாளை நீக்கினாள். இரண்டு முழங்காலும் போய், சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இப்போது நடக்கிறாள். திரும்பி வந்து சோபாவில் சாய்ந்தாள். மேல்வீட்டிலும் அதே படத்தின் சத்தம் ஆரம்பித்தது. தண்ணீர் எடுக்கிற சாக்கில் நான் எழுந்துபோய்ச் சத்தமில்லாமல் தாழ்ப்பாளைப் போட்டேன். எனக்குப் பயமாக இருந்தது. எதற்கு என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

படம் பளிச்சென்று இருந்தது. குழந்தை பேசியது, நான்தான் பேசினேன். அம்மா பதில் சொல்லவில்லை. அடுத்து பேசியபோதும் சொல்லவில்லை. முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு திரையையே பார்த்தாள். வயதாகிவிட்டது, பேசிப்பேசி அலுத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நினைக்க விரும்பினேன் என்று சொல்வதுதான் சரி. கடைசியில் கதவு வந்தது. கால் வலிக்குது என்றேன் நான், திரையிலிருந்து. அம்மாவின் வாய் அசையவில்லை. முற்றும் வந்தது, விளம்பரம் ஆரம்பித்தது.

டீவியின் சத்தத்தைக் குறைக்கச் சொன்னாள். குறைத்தேன்.

"மொத வசனத்துலயே தெரிஞ்சுபோச்சு" என்றாள். "ரெண்டும் நான் பெத்ததுதானே. கடைசியிலயாவது அவ இருப்பாளோன்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

நாடா கெட்டுவிட்டது, வேறு யாரோ பேசுவதற்கு நானே பேசலாம் என்றுதான், உனக்காகத்தான் என்று நான் என்னென்னவோ சொன்னேன். அழுகை வந்துவிட்டது. அவள் கோபப்படவில்லை, அதுதான் தாங்கமுடியவில்லை.

"நீ நல்லாத்தான் பேசியிருக்க. அவ இருந்த எடம் அது ஒண்ணுதான்டி. அதுலயிருந்தும் அனுப்பிட்டா எங்க போவா?"

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது.

டெய்லராக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் பெரியவர்கள் தட்டுகிற உயரத்தில் சத்தம் வரவில்லை. கீழே, என் இடுப்புக்கும் கீழே, சின்ன விரல் முட்டியால் தட்டுகிற சத்தம். டீவியில் சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. மேல்வீட்டில் வழக்கமான சண்டை கிளம்பியிருந்தது.

"அம்மா, நான் வந்துட்டேன்."

இரைச்சல் இல்லை. பூஞ்சை இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம்.

அம்மா எழப் பார்த்தாள். முழங்கால் ஒத்துழைக்கவில்லை, மறுபடி சோபாவிலேயே விழுந்தாள். கதவு தெறந்துதானே இருக்கு, ஏன் உள்ள வரலை என்று என்னைக் கேட்டாள். நான் போட்ட தாழ்ப்பாளைத் திரும்பிப் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள்.

"சீக்கிரம் வாயேன், கால் வலிக்குது" என்றது வெளியே. மூக்கை உறிஞ்சியது. நான் உறிஞ்சிய இடத்தில் இல்லை, அதற்கும் சற்றுப் பிந்தி. அந்த ஒரு இடத்தை நான் தப்பாகப் பேசியிருக்கிறேன் என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது, தொழில்புத்தி.

"அன்னிக்கு நான் எந்திரிக்கல" என்றாள் அம்மா. "இன்னிக்கு என்னால முடியல. நீ போ. கண்ணு, நீ போய்த் தெறடா."

என்னைத்தான் சொன்னாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

நடந்து போனேன். தாழ்ப்பாள் ஐஸ் மாதிரி இருந்தது. படத்தில் அந்த அம்மாக்காரி கை வைப்பாளே, அதே இடத்தில் என் கை நின்றது. இந்த இடத்தில்தான் முற்றும் போடுவார்கள். ஒருவரும் போடவில்லை. வெளியே சின்னதாக மூச்சு வாங்கிக்கொண்டு அது காத்திருந்தது. நீக்கினேன்.

படிக்கட்டு விளக்கு எரிந்தது. யாரும் இல்லை. குளிர் மட்டும் என் இடுப்பை உரசிக்கொண்டு உள்ளே போனது. அடுப்படிப் பக்கம் போகவில்லை, என் அறைப் பக்கம் போகவில்லை. நேராகக் கூடத்துக்குப் போனது.

நான் திரும்பிப் பார்த்தபோது அம்மா சோபாவில் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டிருந்தாள். முந்தானை நுனியால் எதையோ போர்த்திக்கொண்டிருந்தாள். அதற்கு அடியில் அவள் கை மெல்ல அசைந்துகொண்டிருந்தது, நான் தினமும் அவள் காலைப் பிடித்துவிடுவேனே, அந்த மாதிரி.

வாசலிலேயே நின்றேன். கதவை என்ன செய்வது என்று கேட்டேன்.

"பூட்டிடு" என்றாள் அம்மா. "எல்லாரும் வந்தாச்சு."