வெளியே நிற்பவர்களின் சபை

மார்மன் என்ற கிறிஸ்தவ சபையை விட்டு வந்தவர்களின் ஆதரவுக் கூட்டம் ஞாயிறுதோறும் காலை ஒன்பது மணிக்குச் சரியாகத் தொடங்கிவிடும். ஏன் ஒன்பது என்று யாரும் கேட்டதில்லை. ஐம்பது வருஷமாக ஞாயிறு ஒன்பது மணிக்குத் தலையைப் படிய வாரிக்கொண்டு ஏதாவது ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்த உடம்பு அது. திடீரென்று வீட்டிலேயே கிட என்றால் என்ன செய்யும், பாவம். ஊரே சபையில் இருக்கும் ஸ்பானிஷ் ஃபோர்க்கில் ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கிற தைரியம் ஒரே ஒரு டோனட் கடைக்காரனுக்குத்தான் இருந்தது. அவன் கடைப் பின்னறையில் பதின்மூன்று பேர் கூடுவார்கள். கடைசி வரிசை முதலில் நிரம்பும். அதுவும் பழைய பழக்கம்தான்.

கூட்டத்தை நடத்துகிறவர் டெவர்ல் ஸ்டாடர்ட். பல் டாக்டர். மூன்று வருஷத்துக்கு முன்புவரை வாரநாளில் பல்லைப் பிடுங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையில் ஊர்ச் சபைக்கு பிஷப்பாக இருந்தவர். பிஷப் பதவி போய்விட்டது, பிஷப் குரல் போகவில்லை. வெள்ளைச் சட்டையும் போகவில்லை, ஏனென்றால் வேறு சட்டை அவரிடம் கிடையாது. "இங்க யாரும் யாருக்கும் தலைவர் இல்ல" என்று அறிவித்துவிட்டு, ஒவ்வொருவருக்கும் வேலை பிரித்துக் கொடுப்பார். போன மாதம் ஒருநாள் கூட்டத்தை முடிக்கும்போது வாய் தவறி "ஆமென்" என்றுவிட்டார். அத்தனை பேரும் ஒரே குரலில் "ஆமென்" என்றார்கள். அப்புறம் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மளமளவென்று எழுந்து நாற்காலிகளை அடுக்கிவிட்டுப் போனார்கள். நாற்காலி அடுக்குவது டோனட் கடைப் பையனின் வேலை என்று அவன் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டான்.

லாரீன் ஹாட்ச் அங்கே சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. ஐம்பத்திரண்டாம் வயதில் சபையின் பழைய வரலாற்றைப் படித்தாள். படித்ததைப் படிக்காத மாதிரி இருக்க அவளால் முடியவில்லை. கணவர் கென்ட் இன்னும் சபையில்தான் இருக்கிறார். சண்டை ஒன்றும் இல்லை. ஞாயிறு காலை இருவரும் ஒன்றாகக் கிளம்பி, ஆளுக்கொரு காரில் ஏறி, ஆளுக்கொரு திசையில் போவார்கள்.

முதல் நாளே நோரின் அவளைப் பிடித்துக்கொண்டாள். நோரின் என்றால் காபி. சபையில் காபி விலக்கு. ஆகவே வெளியே வந்தவர்களுக்கு அது கிட்டத்தட்ட ஞானஸ்நானம். "இன்னும் பால் ஊத்தித்தான் குடிக்கிறீங்களா?" என்று நோரின் கேட்பாள். இவளுக்கு இன்னும் முழு விடுதலை கிடைக்கவில்லையே என்ற கவலை அந்தக் கேள்வியில் இருக்கும். லாரீனுக்குக் காபியே பிடிக்கவில்லை. கசந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு குடித்துவிட்டு, "ஆஹா" என்றாள். அங்கேதான் நம்பாததை நம்புகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தோம், இங்கேயும் வந்து பிடிக்காததைப் பிடிக்கிறது என்று சொல்லும்படி ஆயிற்றே என்று எரிச்சலாக இருந்தது. ஆனால் நோரினிடம் அதைச் சொல்லும் துணிச்சல் யாருக்கு இருக்கிறது?

இந்த நேரத்தில்தான் மகள் பிரின்லிக்கும் டாலனுக்கும் கல்யாணம் நிச்சயமானது. ஜூலை மாதம், வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணி, சபையின் கோயிலில். கோயிலுக்குள் போக பிஷப் கையெழுத்துப் போட்ட சீட்டு வேண்டும். சபையை விட்டவளுக்குச் சீட்டு ஏது? பெற்ற தாயானாலும் வாசலோடு சரி.

லாரீன் அழுது முடித்துவிட்டுத் தையல் மெஷினை எடுத்தாள். வெள்ளைப் பட்டில் கல்யாண கவுன். கோயில் முறைப்படி நீளக் கை, மூடிய கழுத்து, ஒன்றிலும் பிசகில்லை. நம்பிக்கைதான் போயிற்றே தவிர அளவு மறந்துபோகவில்லை. முதுகில் இருபத்தெட்டுக் குட்டிப் பொத்தான்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நூல் வளையம். பிரின்லி பக்கத்தில் உட்கார்ந்து எண்ணி எண்ணிக் கொடுக்க, அவள் ஒவ்வொன்றாகத் தைத்தாள்.

"இத்தனையையும் யாரும்மா எனக்குப் போட்டு விடுவா?" என்று கேட்ட பிரின்லி, கேட்டிருக்கக் கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"உன் மாமியார் போடுவாங்க" என்றாள் லாரீன். வாயில் இரண்டு குண்டூசியைக் கவ்வியிருந்ததால் முகம் மாறியது அவ்வளவாகத் தெரியவில்லை. பெண்ணைப் பெற்று, வளர்த்து, கவுனும் தைத்துக் கொடுத்துவிட்டு, பொத்தான் போடுகிற நேரத்தில் வெயிலில் நிற்க வேண்டும்.

"அம்மா, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே?"

"சொல்லுடி."

"வெளிய நீ மட்டும் நில்லு. உன்னோட அந்தக் கூட்டத்தக் கூட்டிட்டு வந்துடாத. நீ உள்ள வர மாட்டேன்னு மட்டும்தான் டாலன் வீட்ல சொல்லியிருக்கேன், ஏன்னு இன்னும் சொல்லல. கதவத் திறந்து வெளிய வர்றப்போ உன் முகத்த மட்டும்தான் நான் பாக்கணும்."

"ஒருத்தரும் வர மாட்டாங்க. சத்தியம்" என்றாள் லாரீன்.

சபையை விட்ட நாளிலிருந்து மகள் அவளோடு பேசுவது பாதியாகக் குறைந்திருந்தது. இந்த வாக்கும் தவறினால் மிச்சப் பாதியும் போய்விடும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அப்படித் தெரிந்தவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்தாளா? அடுத்த ஞாயிறு கூட்டத்தில் அவள் பேசும் முறை வந்து, டிஷ்யூ டப்பா அவள் பக்கம் நகர்ந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

டெவர்ல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மஞ்சள் தாள் சொருகிய அட்டையை எடுத்தார்.

"வெள்ளிக்கிழமை, பதினொரு மணி. யார் யார் வர்றீங்க, என்ன கொண்டு வர்றீங்க, எழுதுங்க."

"ஐயோ, வேண்டாம்!" என்று லாரீன் பதறினாள். "எம் பொண்ணுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். யாரும் வர வேண்டாம். நிஜமாவே வேண்டாம்."

ஸ்பானிஷ் ஃபோர்க் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. வேண்டாம் என்றால் அவர்கள் காதில் ஏறாது. பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்தவள் "சாப்பாடெல்லாம் வேண்டாம்" என்பாள், ஆறு நாளைக்கு ஆறு வீட்டிலிருந்து சாப்பாடு வந்து இறங்கும். கால் முறிந்தவன் "புல்வெளிய நானே பாத்துக்குறேன்" என்பான், விடிந்து பார்த்தால் புல் மழுங்க வெட்டியிருக்கும். சபையை விட்டாலும் இந்த வியாதி விடாது. லாரீன் மூன்று முறை வேண்டாம் என்றாள். தாள் அறையைச் சுற்றி வந்தபோது அதில் பன்னிரண்டு பெயர், நான்கு மடக்கு மேசை, இரண்டு தட்டு பச்சை ஜெல்லி.

வெள்ளிக்கிழமை வெயில் பத்தரைக்கே கொளுத்தியது. கென்ட் மகளுடைய பையைத் தூக்கிக்கொண்டு, மனைவியின் கையை ஒருதரம் அழுத்திவிட்டு உள்ளே போனார். பிரின்லி உறையில் போட்ட கவுனைக் கையில் ஏந்தியபடி வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். கதவு சாத்திக்கொண்டது.

கோயிலுக்குள் சின்னப் பிள்ளைகளுக்கும் இடமில்லை. மாப்பிள்ளை வீட்டு வாண்டுகள் ஒன்பது பேர் புல்தரையில் கத்திக்கொண்டு ஓடினார்கள். காவலுக்கு வைத்த பெரியப்பா மரத்தடியில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் குறட்டை விட ஆரம்பித்தார். லாரீன் கதவையே பார்த்தபடி நின்றாள்.

அப்போதுதான் வந்தது வேன். பின்னால் மூன்று கார்கள்.

வெள்ளைச் சட்டை, டை சகிதமாக டெவர்ல் இறங்கினார். மேசைகள் இறங்கின, நாற்காலிகள் இறங்கின, மேலே கார்ன்ஃப்ளேக்ஸ் தூவிய சீஸ் உருளைக்கிழங்கு இரண்டு பெரிய தட்டில் இறங்கியது. கல்யாணமோ சாவோ அது இல்லாமல் அங்கே ஒன்றும் நடக்காது. கடைசியாக நோரின் ஒரு பெரிய ஃபிளாஸ்கை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினாள்.

"போங்க!" என்று லாரீன் ஓடினாள். "எல்லாரும் திரும்பிப் போங்க! வேண்டாம்னு மூணு தடவ சொன்னேனே, காதுல விழலையா? எம் பொண்ணு வந்து பாத்தான்னா இந்த ஜென்மத்துக்கு எங்கூடப் பேச மாட்டா!"

டெவர்ல் அப்படியே நின்றுவிட்டார்.

"அப்போ... உண்மையாவே வேண்டாமா, சிஸ்டர் ஹாட்ச்?"

அறுபது வருஷ வாழ்க்கையில் உண்மையாக வேண்டாம் என்று சொன்ன ஒருத்தியை அவர் இப்போதுதான் பார்க்கிறார். முகம் சுண்டிப்போயிற்று. "மன்னிச்சுக்கோங்க. ஏத்துங்கப்பா எல்லாத்தையும்" என்று வேன் பக்கம் திரும்பினார். லாரீனுக்குச் சங்கடமாகிவிட்டது. இவர்களும் அவளைப் போலத்தான், ஒவ்வொருவரும் ஏதோ ஒரு கதவுக்கு வெளியே தனியாக நின்றவர்கள்தான்.

நிஜமாகவே போயிருப்பார்கள். அதற்குள் ஒரு வாண்டு பூப்பாத்திச் சுவரில் ஏறி, தடுக்கி, முகம் குப்புற விழுந்தது. இன்னொன்று அதைப் பார்த்து அழுதது. மூன்றாவது பசிக்கிறது என்றது. அவ்வளவுதான். பிள்ளை அழ, பக்கத்தில் சும்மா நிற்க அந்தப் பன்னிரண்டு பேருக்கும் தெரியாது. அந்தப் பயிற்சி எலும்பு வரை போயிருந்தது. டெவர்ல் முழங்காலில் உட்கார்ந்து அடிபட்ட பிள்ளையின் பல்லை ஆட்டிப் பார்த்தார். நோரின் மூக்கைத் துடைத்து, தலையை வாரிவிட்டாள். மேசை விரிந்தது, நிழலில் நாற்காலிகள் வட்டமாயின, தட்டுகளில் உருளைக்கிழங்கு விழுந்தது. முக்கால் மணி நேரம் கழித்து, பன்னிரண்டு சபை துரோகிகள் ஒன்பது பிள்ளைகளுக்கு, தாங்கள் சின்ன வயதில் ஞாயிறு வகுப்பில் படித்த பாட்டைக் கையசைத்து, ஒரு வரி விடாமல் பாடிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஆறு பிள்ளைகளின் பிசுபிசுத்த கையையும் துடைத்துவிட்டு லாரீன் நிமிர்ந்தபோது கதவு திறந்தது.

முதலில் வந்தவள் மாப்பிள்ளையின் அம்மா ஜானலீ. தலை வாரிய பிள்ளைகளையும் நிறைந்த மேசையையும் பார்த்து அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ, எவ்வளவு நல்ல மனுஷங்க! எந்தச் சபைங்க நீங்க?"

பாட்டு நின்றது. பொய் சொல்லிப் பழக்கமில்லாத டெவர்லுக்குக் காது மடல் சிவந்தது.

"நாங்க... ஒன்பது மணி சபை, சிஸ்டர்."

"குடுத்து வச்சவங்க! எங்களுக்கு மத்தியானம் ஒரு மணி. பிள்ளைங்க தூங்கி வழியும்." ஜானலீ காற்றில் எதையோ முகர்ந்து பார்த்தாள். "அந்த ஃபிளாஸ்க்ல என்னங்க?"

கூடப் பிறந்த அக்காவோடு காபி விஷயத்தில் சண்டை போட்டு நான்கு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவள் நோரின். அவள் லாரீனை ஒருதரம் பார்த்தாள். ஃபிளாஸ்கின் மூடியை இறுக்கித் திருகினாள்.

"சூடா சாக்லேட் பால், சிஸ்டர்" என்றாள், அந்த ஜூலை வெயிலில்.

லாரீன் இதையெல்லாம் பாதிதான் கேட்டாள். ஜானலீயின் தோளுக்குப் பின்னால், டாலனின் கையைப் பிடித்தபடி பிரின்லி நின்றிருந்தாள். கவுன் அவ்வளவு அழகாக இருந்தது. முகம்தான் வெளுத்திருந்தது. டாலனின் கையை விட்டுவிட்டு நேராக அம்மாவிடம் வந்தாள்.

"சொன்னேனேம்மா" என்றாள் மெதுவாக. "ஒண்ணே ஒண்ணுதானே கேட்டேன்."

"வேண்டாம்னுதான்டி சொன்னேன். மூணு தடவ."

பிரின்லி மேசையைப் பார்த்தாள். ஜெல்லியைப் பார்த்தாள். கன்னத்தில் பிளாஸ்திரி ஒட்டிய பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த வெள்ளைச் சட்டைக்காரரைப் பார்த்தாள். அவளும் அந்த ஊர்ப் பெண்தானே. வேண்டாம் என்ற சொல்லுக்கு அங்கே என்ன மதிப்பு என்று அவளுக்குத் தெரியாதா? உதட்டைக் கடித்தாள். சிரிப்பை அடக்குகிறாளா அழுகையை அடக்குகிறாளா என்று லாரீனுக்குப் பிடிபடவில்லை.

அந்தச் சமயம் பார்த்துப் புகைப்படக்காரி பின்னாலிருந்து, "பொண்ணு கொஞ்சம் அசையாம நில்லுங்க, முதுகுல ஏதோ கோணலா இருக்கு" என்றாள்.

கீழே ஒரு வளையம் விட்டுப்போயிருந்தது. அதிலிருந்து கழுத்து வரை ஒவ்வொரு பொத்தானும் ஒரு வீடு தள்ளிக் குடியேறியிருந்தது. ஜானலீ வாயைப் பொத்திக்கொண்டாள். "நான்தான் போட்டேன். எல்லாரும் காத்துட்டு இருந்தாங்களா, அவசரத்துல வளையம் மாறிடுச்சு. இரும்மா, சரி பண்ணிடுறேன்."

"வேண்டாம் அத்த" என்றாள் பிரின்லி. "எங்கம்மா போடட்டும்."

நோரினுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உருளைக்கிழங்குத் தட்டைத் தூக்கிவிட்டு மேசை விரிப்பை உருவினாள். நான்கு பெண்கள் நான்கு முனையைப் பிடித்து, முதுகைத் திருப்பிக்கொண்டு, அம்மாவையும் பெண்ணையும் சுற்றி மறைப்புக் கட்டினார்கள். ஒரு மூலையில் ஜெல்லிக் கறை இருந்தது.

லாரீன் இருபத்தெட்டையும் கழற்றிவிட்டுக் கீழேயிருந்து தொடங்கினாள். கண்ணீர் மறைத்தாலும் விரலுக்கு வளையம் தெரிந்தது.

"உள்ள எல்லாரும் இருந்தாங்கம்மா" என்றாள் பிரின்லி, திரும்பாமல். "அப்பா, அத்தை, டாலனோட சித்தி, ரெண்டாவது சித்தி. அத்தை பொத்தான் போடப் போட எனக்கு அழுக அழுகயா வந்துச்சு. கோணலாப் போடுறாங்கன்னு அப்பவே தெரியும். நான் சொல்லல."

"ஏன்டி சொல்லல?"

பிரின்லி தலையைக் குனிந்து, கழுத்து முடியை ஒதுக்கிக் கொடுத்தாள்.

பத்து, பதினொன்று. இருபது. "சிஸ்டர் ஹாட்ச், ஆயிடுச்சா?" என்று விரிப்புக்கு வெளியேயிருந்து டெவர்ல் குரல் கொடுத்தார். "அவசரம் ஒண்ணும் இல்ல. ஜெல்லிதான் உருகுது."

கடைசிப் பொத்தானும் வளையத்துக்குள் போய்விட்டது. லாரீன் கையை எடுக்கவில்லை. மகளின் கழுத்தடியில் விரலை வைத்தபடி அப்படியே நின்றாள்.

"முடிஞ்சுதாம்மா?"

"இல்ல" என்றாள் லாரீன். "இன்னும் ரெண்டு மூணு இருக்கு."

எண்ணி எண்ணி எடுத்துக் கொடுத்தவளுக்கு மொத்தம் எத்தனை என்று தெரியாதா?

"சரி" என்றாள் பிரின்லி. "மெதுவாவே போடு."