பதினான்கு கிலோ

எங்கள் அணியில் இரண்டு பந்தயக் கார்கள். ஒன்றை அக்கா ஓட்டினாள். இன்னொன்றை எல்லோரும் தாடி என்று கூப்பிடும் ஒருவன் ஓட்டினான். நான் தாடியின் காருக்கு எரிபொருள் கணக்குப் போடுபவள். வேலைக்குச் சேர்ந்த அன்றே மேனேஜர் அதைச் சொல்லிவிட்டார். கூடப்பிறந்தவளின் டாங்கில் நீ கைவைக்கக் கூடாது, நாளைக்கு எவனும் ஒரு வார்த்தை பேசிவிடக் கூடாது என்றார். நியாயமாகத்தான் பட்டது.

அக்காவும் நானும் போகிற இடத்திலெல்லாம் ஒரே அறையில் தங்கினோம். வெள்ளியிலிருந்து ஞாயிறு வரை எரிபொருளைப் பற்றி வாயே திறப்பதில்லை என்று எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. அவள் குளித்துவிட்டு வந்து ஈரத் துண்டை என் கட்டிலில் எறிவாள். அதற்குச் சண்டை போடுவோம். அப்பா போனில் யார் காரில் எவ்வளவு என்று துருவினால் அக்கா போனை என்னிடம் தருவாள், நான் அம்மாவைக் கூப்பிடச் சொல்வேன்.

எங்கள் பந்தயத்தின் விதி எளிது. சனிக்கிழமை தகுதிச் சுற்றுக்கு ஊற்றிய எரிபொருளோடுதான் ஞாயிறு பந்தயத்தைத் தொடங்க வேண்டும். நடுவில் ஒரு சொட்டு ஊற்றவும் கூடாது, எடுக்கவும் கூடாது. குறைவாக ஊற்றினால் சனிக்கிழமை கார் பறக்கும், ஞாயிறு சீக்கிரமே நின்று நிரப்பிக்கொள்ள வேண்டிவரும். அதிகமாக ஊற்றினால் நேர்மாறு. எங்கள் காரில் ஒவ்வொரு கிலோவும் சுற்றுக்கு நூறில் மூன்று நொடியைத் தின்னும். அந்த எண்ணைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆனது.

அடுத்த வருடம் அணிக்கு ஒரே கார்தான் என்று முடிவாகியிருந்தது. அதில் யார் உட்காருவது? தகுதிச் சுற்றில் யார் அதிகத் தடவை முன்னால் வருகிறார்களோ அவர் என்றார் மேனேஜர். பதினாறு பந்தயம் முடிந்தபோது எட்டுக்கு எட்டு. மிச்சம் ஒன்று.

அந்தக் கடைசிப் பந்தயத்துக்கு முந்தைய வியாழக்கிழமை, லாரிக்குள் இருந்த மீட்டிங் அறையில் மேனேஜர் எங்கள் எல்லோரையும் நெருக்கி உட்காரவைத்தார்.

"இந்தத் தடவை ரெண்டு காருக்கும் ஒரே எடை. முப்பத்தெட்டு கிலோ. யாரும் பின்னாடி வந்து மூக்கால அழக் கூடாது."

அக்கா சரி என்றாள். தாடி கட்டைவிரலை உயர்த்தினான்.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு எரிபொருள் அறைக்குப் போனேன். ஜன்னல் இல்லாத சின்ன அறை. தரையில் இரண்டு தராசுகள், மேலே இரண்டு இரும்புக் கேன்கள். நிரப்பியதும் தராசு ஒரு சீட்டைத் துப்பும், அதைக் கேனில் ஒட்டுவோம். என் கேனில் முப்பத்தெட்டு. பக்கத்தில் அக்காவின் கேன் ஏற்கெனவே நிரம்பி, சீட்டு ஒட்டித் தயாராக இருந்தது. ஐம்பத்திரண்டு.

இரண்டாம் தடவை படித்தேன். தராசில் கோளாறோ என்று அவள் கேனை இறக்கிவிட்டு என் கேனை அதில் வைத்துப் பார்த்தேன். முப்பத்தெட்டுதான் காட்டியது.

அக்காவின் இன்ஜினியர் கேரேஜ் சுவரில் சாய்ந்து வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சொல்ல வேண்டிய வாக்கியத்தை வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். எனக்கு அப்படித்தான், தேநீர் கேட்பதற்கும் ஒத்திகை வேண்டும். சீட்டைப் பற்றிச் சொன்னேன். அவர் வயரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ப்ளான் மாறிடுச்சும்மா. தெரிய வேண்டியவங்களுக்குத் தெரியும். நீ உன் காரைப் பாரு."

தெரிய வேண்டியவர்களில் அக்கா இல்லாமலா இருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது. நினைத்துவிட்டால் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டாம்.

ஒரு மணிக்கு அக்காவுக்குத் தண்ணீர் பாட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். டயர் அடுக்கின்மேல் காலை நீட்டி உட்கார்ந்து தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். என்ன, பேயறைந்த மாதிரி இருக்கிறாய் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அன்று சனிக்கிழமை. கட்டுப்பாடு இருந்தது.

இரண்டு மணிக்குத் தகுதிச் சுற்று. தாடி ஆறாவது. அக்கா எட்டாவது. அவனைவிட நூறில் பதினெட்டு நொடி பின்னால்.

என்னால் அந்தக் கணக்கைப் போடாமல் இருக்க முடியவில்லை. பதினான்கு கிலோ, நூறில் நாற்பத்திரண்டு. ஒரே எடை என்றால் அக்கா அவனுக்கு நூறில் இருபத்துநாலு முன்னால் இருந்திருப்பாள்.

மறுபடியும் லாரிக்குள் கூடினோம். ஒன்பதுக்கு எட்டு, வாழ்த்துகள் என்று மேனேஜர் தாடியின் தோளைத் தட்டினார். அக்கா எழுந்து போய் அவனுக்குக் கை கொடுத்தாள். அவள் முகம் சிவந்திருந்தது. ஆனாலும் சிரித்தாள்.

"ஒரே எடை, ஒரே டயர். நீ நல்லா ஓட்டினே, அவ்வளவுதான். மூணாவது வளைவுல நான் சொதப்பிட்டேன்."

தாடி அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

அவளுக்குத் தெரியாது.

என் காது சூடானது. கூட்டத்தில் நான் பேசினால் என் குரல் எனக்கே கேட்காது. அன்று லாரியின் கடைசி வரை கேட்டது.

"ஒரே எடை இல்ல. அவனுக்கு முப்பத்தெட்டு. உனக்கு ஐம்பத்திரண்டு."

அக்கா அவன் கையை விட்டாள். மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையில், இவளுக்கு வாய் கூட இருக்கிறதா என்ற ஆச்சரியம்தான் முதலில் தெரிந்தது. பிறகு பேச ஆரம்பித்தார். இரண்டு காரும் ஒரே திட்டத்தில் ஓடினால் ஞாயிறு இரண்டும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும், ஒன்றைப் பிரித்துவிடுவது எல்லா அணியும் செய்வதுதான், நாளைக்கு அக்காவுக்குத்தான் லாபம் என்றார்.

"நாளைக்கு யார் சார் கேட்டா? அடுத்த வருஷக் கார் இன்னிக்குக் கணக்குலதானே?" என்றாள் அக்கா.

அவர், எழுதிக் கையெழுத்தா போட்டோம் என்றார். அக்கா இன்ஜினியரிடம் திரும்பினாள். அவர் தரையைப் பார்த்தார். தாடியிடம் திரும்பினாள். தனக்குத் தன் எண் மட்டும்தான் தெரியும், அவளுடையதைக் கேட்கவில்லை என்றான்.

"கேட்கலையா, கேட்காம இருந்தா நல்லதுன்னு இருந்தியா?"

தாடி தொப்பியைக் கழற்றி உள்ளே எழுதியிருந்ததைப் படித்தான்.

"கார் அந்த வளைவுல எருமை மாதிரி திரும்புச்சு," என்றாள் அக்கா. யாரிடம் என்று தெரியவில்லை. "டயரோன்னு பார்த்தேன். இல்ல. அப்ப நான்தான் பயந்துட்டேன்னு நினைச்சேன். ஹெல்மெட்டுக்குள்ள என்னையே கெட்ட வார்த்தைல திட்டிக்கிட்டு ஓட்டினேன்டா."

எனக்கு அந்த லாரியைக் கொளுத்த வேண்டும் போலிருந்தது. அதற்குத் தேவையானது எத்தனை கிலோ என்றுகூட மனது கணக்குப் போட்டது.

அப்போதுதான் அவள் என்னைப் பார்த்தாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"பதினொரு மணிக்கு."

"ரெண்டு மணிக்கு நான் கார்ல ஏறினேன்."

"உனக்கும் தெரியும்னு நினைச்சேன்க்கா. நாமதான் பேசறதில்லையே…"

"மூணு மணி நேரம்டி. தண்ணி பாட்டிலைத் தூக்கிட்டு வரத் தெரிஞ்சுது. ஒரு நம்பரைச் சொல்ல வாய் வரலை. இவங்க திருடனுங்க, எனக்குப் புரியுது. நீ யாரு?"

அன்று இரவு அறையில் அவள் துண்டை அதன் கொக்கியில் மாட்டினாள். அப்பாவின் போனை இருவருமே எடுக்கவில்லை.

ஞாயிறு அவள் ஓட்டினாள். ஓட்டமாட்டாள் என்று மேனேஜர் பயந்து, பயிற்சி ஓட்டுநர் ஒருவனுக்கு உடுப்பு மாட்டித் தயாராக வைத்திருந்தார். அக்கா அவனைத் தாண்டிப் போய்க் காரில் உட்கார்ந்தாள். தாடி பதினெட்டாம் சுற்றில் நிரப்ப வந்தான். அவள் ஏழு சுற்று தாமதமாக வந்தாள். அந்த ஏழு சுற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டியிருக்க வேண்டும். அவளுடைய அந்த வருடத்தின் மிக வேகமான சுற்றுகள் அவை. நான்காவதாக முடித்தாள். தாடி அவளுக்கு ஒன்பது நொடி பின்னால். பாராட்ட நீட்டிய மேனேஜரின் கையை அவள் பார்க்கவே இல்லை. அடுத்த வருடக் காரைப் பற்றி அவரும் பேச்செடுக்கவில்லை. அது தாடியுடையதாகவே இருந்தது.

கேரேஜைப் பிரித்துப் பெட்டிகளில் அடைத்துக்கொண்டிருந்தோம். அக்கா என் மேஜைக்கு வந்து ஒரு வெள்ளைத் தாளை வைத்தாள். நேற்றிலிருந்து அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

"பக்கத்து கேரேஜ் மேனேஜர் கேட்டார், கடைசி நாள்ல இப்படிக் கோட்டை விட்டுட்டியேன்னு. அவர்கிட்ட ஒரு கார் காலியா இருக்கு. நான் வாயால சொன்னா சாக்குன்னு நினைப்பார். எழுதிக் குடு."

எங்கள் எரிபொருள் எண்கள் வெளியே போகக் கூடாது. போனால் வேலை போகும், அதன்பிறகு வேறு அணியும் சேர்க்காது. அது அவளுக்கும் தெரியும். வேண்டுமென்றேதான் கேட்கிறாள் என்று தோன்றியது. கேட்கட்டும் என்றும் தோன்றியது.

இரண்டு எடைகளையும் எழுதினேன். கிலோவுக்கு எத்தனை நொடி என்பதை எழுதினேன். கழித்து, வித்தியாசத்தைக் கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அக்கா தாளைத் திருப்பிப் படித்தாள். மறுபடி என் பக்கம் தள்ளினாள்.

"நேரத்தையும் போடு."

"எந்த நேரம்?"

"நீ பார்த்த நேரம்."

அதை ஏன் அந்த மேனேஜர் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கையெழுத்துக்குப் பக்கத்தில், சனிக்கிழமை காலை பதினொரு மணி என்று எழுதினேன். அவள் தாளை மடித்து உடுப்புக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டு பக்கத்து கேரேஜுக்குப் போனாள். நான் தராசுகளின் வயரைப் பிடுங்கிப் பெட்டியில் வைத்தேன்.